எண்சார் வடிவகணிதம்: தொடங்குவோர்க்கு ஒரு சொல்

திண்டிவனத்திற் பிறந்து, இக்கல்லூரியிற் பயின்று, இன்று விழுப்புரத்தில் கணிதம் போதித்துவரும் என்னிடம் மாணாக்கர் சிலர் அடிக்கடி விடுக்கும் வினா ஒன்றுண்டு. அரித்மெட்டிக் ஜியாமெட்ரி எனப்படும் எண்சார் வடிவகணிதத்தை எங்ஙனம் கற்கத் தொடங்குவது என்பதே அது. சென்ற ஆண்டு அவ்வாறு வினவிய மாணவி ஒருத்தி, "ஐயா, இத்துறை நம்மூராருக்கு எட்டுமோ?" என்றும் கேட்டாள். அவ்வையத்தை நீக்குதல் என் கடனெனக் கருதி இதனை வரைகின்றேன்.

ஒரு சமன்பாட்டிற்கு முழுவெண்களிலும் பின்னங்களிலும் விடை தேடுவது எண்கணிதம். அச்சமன்பாட்டையே வளைகோடாகக் கண்டு ஆராய்வது வடிவகணிதம். இவ்விரண்டும் கூடுமிடமே இத்துறை. இதன் பெருநூல்களைத் திறப்போர் ஸ்கீம், கோஹமாலஜி முதலிய சொற்களைக் கண்டு மருள்வர். யானும் மருண்டேன். உசாவுவதற்கு அருகில் ஒருவரும் இலர். எனக்குத் துணிவளித்தது, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் ரயிலில் அமர்ந்து யான் போட்ட சிறு கணக்கொன்றே.

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அவ்வெண்ணையே கழிக்க, மற்றோர் எண்ணின் வர்க்கம் வரவேண்டும். 5-ஆல் வகுத்த மீதிகளாகிய 0 முதல் 4 வரை உள்ள எண்களை மட்டுமே கொண்டால், இதற்குப் பொருந்தும் இணைகள் 7. அவ்வாறே 3-க்கு 3, 7-க்கு 7, 11-க்கு 11, 13-க்கோ 7 மட்டுமே. வண்டி மயிலத்தைக் கடந்து விக்கிரவாண்டியை அடையுமுன் இதில் ஓர் ஒழுங்கு புலனாயிற்று. 4-ஆல் வகுக்க 3 மீதி வரும் பகா எண்களுக்கு விடைகளின் தொகை அப்பகா எண்ணேயாம். 1 மீதி வருவனவற்றிற்குக் கூடியோ குறைந்தோ வரும். அவ்வேறுபாடு பகா எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் இருமடங்கை மிகாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹாஸ்ஸே 1930-களில் நிறுவினார். இதனைப் பலவகை வடிவங்களுக்கும் விரித்து வெயில் 1949-இல் வெளியிட்ட ஊகங்களில் எஞ்சிநின்றதை டெலீன் என்பார் 1974-இல் மெய்ப்பித்தார். அதன் பயனாகவே, டௌ சார்பின் அளவைக் குறித்து நம் ராமாநுஜன் 1916-இல் கூறிய ஊகமும் உண்மையாயிற்று.

அந்த ராமாநுஜன் 1910-இல், வேலை நாடித் தம் குறிப்பேட்டுடன் விழுப்புரம் வழியே திருக்கோவிலூர் சென்று, அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி அய்யரைக் கண்டார். அய்யர் அவருக்குக் குமாஸ்தா வேலை தராமல், சென்னைக் கணித அறிஞர்க்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். பின்னர், 1937-இல் பிரான்சிலிருந்து இந்தியா வந்த பாதிரியார் ராஸீன், சென்னை லொயோலாக் கல்லூரியில் புதுக்கணிதத்தின் வாயிலைத் திறந்து காட்டினார். செங்கற்பட்டிற் பள்ளிக்கல்வி பெற்ற சி. எஸ். சேஷாத்ரியும், தண்டரை என்னும் சிற்றூரிற் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் அவ்வாயில் வழியே சென்று உலகப்புகழ் எய்தினர். ஆகவே, இத்துறை நம்மவர்க்குப் புறம்பானதன்று.

இனித் தொடங்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலில் மேற்கண்டவாறு கையாற் கணக்கிடுக. அடுத்து, குலம், களம் ஆகியவற்றின் இயற்கணிதத்தையும் சிக்கலெண் சார்புகளையும் ஐயமறப் பயில்க. பிறகு நீள்வட்ட வளைகோடுகளைப்பற்றிச் சில்வர்மனும் டேட்டும் இளங்கலை மாணவர்க்கென எழுதிய நூலையும், ஸெர் எழுதிய எண்கணிதப் பாடநூலையும் எழுதுகோலுடன் கற்க. ஹார்ட்ஸ்ஹார்னின் பெருநூல் அதுவரை காத்திருக்கட்டும். உடன் கற்க ஒரு தோழரைத் தேடிக்கொள்ளுதல் மிக நன்று.

அம்மாணவி சின்னாளில் 17-க்கு 15 எனக் கணக்கிட்டு வந்து, 4-ஆல் வகுக்க 3 மீதி வரும் எண்களுக்குமட்டும் தொகை மாறாதிருப்பது ஏன் என வினவினாள். விடையை யான் கூறவில்லை; ஓர் எண்ணையும் அதன் எதிரெண்ணையும் சேர்த்து நோக்குமாறு மட்டும் சொன்னேன். மறுவாரம் காரணத்தைத் தானே கண்டு எழுதி வந்தாள். இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களும் அங்ஙனமே கண்டு மகிழ்வார்களாக.