கறள்

கலைப்பீட மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் பிறேக்கைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு நகைப்பை விளைவிக்கக்கூடும். எனினும், நான்கு நாட்கள் ஒரு சில்லின் முன்னே குந்தியிருந்து கற்றவற்றை எழுத்திற் பதித்துவைக்க வேண்டுமென்ற எண்ணம் என்னை விட்டகலவில்லை.

அராலியிலே, பரவைக்கடலுக்கு அண்மையிலுள்ள எங்கள் வளவில், தகரப் பத்தியொன்றின் கீழ் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கின்றது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்ட வகை அது. அதனை வாடகைக்கு ஓட்டியே அவர் பிள்ளைகளைப் படிப்பித்தார். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு நாட்டை முடக்கியபோது, அவர் அதனைப் பத்தியில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்துவிட்டார். பின்னர் முழங்கால் நோவினால் அவரும் சாய்மனைக் கதிரையோடு ஒடுங்கினார். இரண்டு மாரிகள் கழிந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. 2024ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் விடுமுறைக்கு நான் வீடு சென்றபோது, உதிரிப்பாகங்களுக்காக வண்டியை வாங்க ஒருவர் வந்து விலை பேசிச் சென்றிருந்தார். “ஓடாத வண்டி வீட்டுக்குப் பாரம்” என்றார் அப்பா. அப்பப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாது, “நான் ஓடப் பண்ணுகிறேன்” என்று கூறிவிட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் சில்லுச் சுழன்றால் வண்டி வீட்டில் நிற்கும் என்பது ஏற்பாடு.

பின்புறத்து வலச் சில்லு சிறு முயற்சியோடு இளகிற்று. இடச் சில்லோ அசைய மறுத்தது. அப்பப்பா உறங்கிய நண்பகலிலே சுத்தியலை எடுத்து டிறத்தின் விளிம்பில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் நகமளவு துண்டொன்று தெறித்து நிலத்தில் வீழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன்; பொல்லை ஊன்றியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். ஏசவில்லை. துண்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இரும்பெண்டு நினைச்சிட்டாய் தம்பி. இது வார்ப்பு. கோவிச்சால் உடைஞ்சு போகும். வெளியிலை அடிக்க முன்னம், உள்ளுக்குப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதை விடுவிக்க வேணும்.”

அன்றிலிருந்து அவர் கதிரையிலிருந்து சொல்ல, நான் செய்தேன். முன் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்தபின், ஜக்கினால் உயர்த்திய வண்டியின் கீழ் மரக்குற்றி வைத்தோம். ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் வண்டிக்கருகே குனியலாகாது என்பது அவரது கண்டிப்பு. கைப்பிறேக்கை இறக்கி அதன் கம்பிகளைத் தளர்த்தினோம். டிறத்தின் முகப்பிலுள்ள சிறு துவாரத்தினூடே திருப்புளியைச் செலுத்தி, பிறேக் சூக்களை விரித்து வைத்திருக்கும் திருகாணியை இடப்புறமாகத் திருப்பினோம். சுழல மறுத்த சில்லில் அத்துவாரம் திருகாணிக்கு நேரே நின்றது எங்கள் நற்பேறே. பின்னர் டிறத்தைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளையும் கழற்றினோம்.

இரும்பு கறளாகும்போது அதன் பருமன் பன்மடங்காகப் பெருகுகின்றது. எனவே, டிறத்தின் நடுத்துளைக்கும் அது பொருந்தியிருக்கும் அச்சின் முகப்பிற்கும் இடையிலுள்ள மயிரிழை வெளியிற் கறள் படரும்போது, அது ஆப்பு இறுக்கியது போலாகின்றது. உப்புக்காற்றும் ஈரமும் இவ்வினையை விரைவுபடுத்தும். அவ்விடைவெளியில் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்த கலவையைத் துளித்துளியாக விட்டோம். மாலைதோறும் கொதிநீரை டிறத்தின் மேல் ஊற்றி அதனைச் சற்று விரியச் செய்து, சில்லாணிகளுக்கு இடைப்பட்ட முகப்பில் மரத்துண்டை வைத்து, சுற்றிவரப் பதமாகத் தட்டினேன். எரிசுடரால் சூடாக்குவோரும் உளர். எண்ணெய் ஊறிய இடத்தில் தீயைக் கொண்டுவர அப்பப்பா இசையவில்லை.

இரண்டாம் நாள் மாலை, எண்ணெய் ஊறக் காத்திருக்கையில், அவர் 1995ஐப் பற்றிக் கூறினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, இந்த வண்டியிலேதான் எங்கள் குடும்பம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சென்றது. கொடிகாமத்தில் ஒரு பனங்கூடலின் கீழ் மாதக்கணக்கில் வண்டி நின்றது. 1996இல் ஊர் திரும்ப முற்பட்டபோது இதே சில்லு இறுகியிருந்ததாம். “விளக்குக்கு வைச்சிருந்த மண்ணெண்ணெயிலை ஒவ்வொரு இரவும் ஒரு போத்தல் மூடி அளவு உங்கடை அப்பம்மா தருவா. அவ விளக்கை நேரத்தோடை நூத்திடுவா. ஏழாம் நாள் கழண்டது.” எரிபொருட்தடை நிலவிய அக்காலத்தில் ஒரு மூடி மண்ணெண்ணெயின் பெறுமதியை நான் நூல்களிலே படித்திருந்தேன். அன்றுதான் அது என் வீட்டுக் கணக்கிலும் எழுதப்பட்டிருப்பதை அறிந்தேன்.

நான்காம் நாள் மாலை, முறிந்த குச்சியின் ஓசை போன்றதொரு சத்தத்தோடு டிறம் கையில் வந்தது. உள்ளே செந்தூள் படிந்திருந்தது. பழைய சூக்களின் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடுமாதலால், ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். உடைந்த டிறத்தை மீளப் பூட்ட அப்பப்பா சம்மதிக்கவில்லை. “ஆளேத்துற வண்டி” என்றார். ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடிய வண்டி இனி யாரை ஏற்றுமென்று நான் கேட்கவில்லை. சுன்னாகத்தில் பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் ஒருவரிடம் வேறொரு டிறம் கிடைத்தது. அதற்கு என் மகாபொலப் பணம் சென்றது. அவசரத்தின் விலையை அவ்வாறு செலுத்தினேன்.

மீளப் பூட்டுமுன் அச்சின் முகப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, செப்புக் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசினோம். சூ உரசும் பரப்பில் அது ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிறேக் பிடிக்காது. இப்போது அவ்வண்டி கிழமைக்கொரு தடவையேனும் சந்தைவரை ஓடுகின்றது. மழையில் நனைந்து வந்தால், நிறுத்துமுன் பிறேக்கை மெல்ல அழுத்தி ஓட்டி ஈரத்தை உலர்த்துகின்றோம். நெடுநாள் நிறுத்துவதாயின் கைப்பிறேக்கை இழுக்காது, கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வைக்கின்றோம்.

விற்பனைப் பேச்சை அப்பா மீண்டும் எடுக்கவில்லை. ஆயினும், வண்டி ஓடிய முதல் நாளன்று அவரும் அப்பப்பாவும் அதில் அருகருகே அமர்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு மாரிகளின் கறளன்று அது, அதற்கும் முந்தியது. அங்கே சுத்தியலை எடுக்கலாகாதென்பதை மாத்திரம் நான் அறிவேன். விடுமுறைகளில் வீடு செல்லும்போதெல்லாம், இருவரையும் அவ்வண்டியில் ஏற்றிச் சந்தைவரை போய்வருகின்றேன். துளித்துளியாகத்தான் ஊறவேண்டும்.