வேலையற்ற வேலையா?

மலையுச்சிக்கு அமெச்சூர் ரேடியோவைச் சுமந்துபோய், முகம் தெரியாதவர்களோடு பேசுகிறார்கள் சிலர். 2002-ல் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு திட்டமும் தொடங்கினார்கள். “வேலையற்ற வேலை!” என்று நெட்டுக்குப்பத்து மீன்காரம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “ஒசரத்துல நின்னா தூரமா கேக்குமாம்மா?”

“கேட்கும். நடுவே மறைப்பில்லையே! 5 வாட் சக்திகூடப் போதும்.”

“எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போனா, கொஞ்ச தூரத்துக்கு மேல அவரு கொரலே கேக்காதும்மா” என்றாள், முகத்துவாரத்தைப் பார்த்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. 2004 டிசம்பரில் டில்லிப் பெண்மணி பாரதி பிரசாத் அந்தமானுக்குப் போனதும் இதே ரேடியோ ஆசையால்தான். 26-ஆம் தேதி சுனாமியில் டெலிபோன்கள் ஊமையானபோது, போர்ட் பிளேரிலிருந்து அவருடைய வயர்லெஸ் பேசிற்று. தவித்த குடும்பங்களுக்குத் தகவல் போயிற்று.

வேலையற்ற வேலை என்றேனே, அந்தச் சொல்லை அங்கேயே கடலில் போட்டுவிட்டேன்!