சேர், நீங்க கத்தினா ஆக்களப் பாக்க ஏலா



போன வருடம் வலயமட்டக் கூடைப்பந்துப் போட்டியில் நாங்கள் தோற்றபோது நடுவரைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். உண்மையான காரணம் என் தொண்டை. சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசிக் கால்பகுதியில் எதிரணி ஆளுக்கு ஆள் மறிப்பதை விட்டு சோன் டிஃபென்ஸுக்கு மாறியது. முன்னால் இருவர், பின்னால் மூவர். ஆளை விட்டுவிட்டு இடத்தைக் காப்பார்கள். பந்து எங்கள் தரம் 10 பிள்ளையின் கையில். நான் கோட்டுக்கு வெளியே நின்று, "மூலைக்குக் குடு, நடுவால ஓடு, வேணாம், திருப்பு!" என்று விடாமல் கத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு செக்கனில் பந்து பறிபோனது. அதற்கும் எல்லோர் முன்னாலும் ஏசினேன். இரண்டு கிழமை அவன் பயிற்சிப் பக்கமே வரவில்லை.

வீடு தேடிப் போனேன். வாப்பா தேத்தண்ணி தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவன்தான் சொன்னான்: "சேர், நீங்க கத்தினா ஆக்களப் பாக்க ஏலா. ஆக்களப் பாத்தா நீங்க சொல்றது கேக்குதில்ல." மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

பிறகு தேடி வாசித்தேன். 1980இல் ஃப்ரான் அலார்ட் என்ற கனேடிய ஆய்வாளரும் சகாக்களும் கூடைப்பந்து ஆட்டப் படங்களைச் சற்று நேரம் காட்டி, யார் எங்கே நின்றார் என்று கேட்டிருக்கிறார்கள். ஒழுங்கான ஆட்டம் நடக்கும் படமென்றால் தேர்ந்த வீரர்கள் நன்றாகச் சொன்னார்கள். ஆட்டம் குலைந்து கண்டபடி நிற்கும் படமென்றால் மற்றவர்களை விடத் திறமில்லை. ஆக, அது ஞாபகசக்தி இல்லை. ஆட்டத்தின் கோலம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. கத்திப் பழக்க முடியாத விஷயம்.

இப்போது அஸருக்குப் பிறகு பயிற்சி வேறு மாதிரி. பந்து வாங்கப்போகும் பிள்ளைக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து கையில் விழுமுன் தோளுக்கு மேலால் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவே விசில் ஊதினால் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், "உன் வலப்பக்கம் யார்?" என்பேன். முதல் நாள் ஒருவன் எதிரணிக்காரனின் பெயரைச் சொன்னான், சிரித்தே விழுந்தோம். பிறகு மூவருக்கு எதிராக இருவர், ஆள் ஆளாகக் கூட்டுவது. சர்வதேச விதியில் 24 செக்கனுக்குள் எறிய வேண்டும். எங்களிடம் அந்த மணிக்கூடு இல்லை. ஒரு சின்னவன் ஓரத்தில் இருந்து எண்ணுவான்.

நீண்ட கட்டளைகளும் போய்விட்டன. இரண்டே சொல், பிள்ளைகள் வைத்தவை. தோழனுக்காக எதிராளியை மறித்து நின்றால் "மதில்". எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கூடைக்கு ஓடினால் "படலை".

போன கிழமை சிநேகபூர்வ ஆட்டம். எதிரணி அதே போல் மாறியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவன் ஒருமுறை சுற்றிப் பார்த்தான், "படலை" என்றான், பந்து போய்ச் சேர்ந்தது. எறிந்தவன் தவறவிட்டான், அது வேறு கதை.

ஞாயிறு ஆட்டம் பார்க்க வரும் வாப்பாமாருக்கும் நானாமாருக்கும் ஒரு வேண்டுகோள். கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "பாஸ் குடு" என்று மட்டும் வேலிக்கு வெளியே நின்று கத்தாதீர்கள். நானும் கத்த மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.