கதையில் அழுத அத்தை

"தாங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று யாராவது விசாரித்தால், "கதை எழுதுகிறோம்" என்று சொல்ல நமக்கு இன்றும் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. "அது சரி, உத்தியோகம் என்ன?" என்ற கேள்வி அடுத்து வரும் என்பது நிச்சயம். ஸ்ரீரங்கத்தில் அந்தக் கேள்விக்குத் தப்பி ஒரு வீதியைக் கடப்பதே சிரமம். பிராகாரங்களோ ஏழு!

கதாசிரியனுடைய கஷ்டங்களில் முதலாவது, போன கதை திரும்பி வருவது. 1987-ம் வருஷம் ராஜகோபுரம் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் நடந்த சமயத்தில் ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாம் மட்டும் தபால்காரர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபுரம் 13 நிலை உயர்ந்துவிட்டது. நம் கதைகளோ, நாமே விலாசம் எழுதித் தபால் தலை ஒட்டி அனுப்பிய உறைகளில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன.

அப்போதெல்லாம் இந்த ஊர்ப் பெரியவர்களை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வோம். அமரர் கல்கி திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1921-ல், ஒத்துழையாமைக்கு மகாத்மாவின் அழைப்பு வந்தது. பள்ளியிறுதிப் பரீட்சை நெருங்கியிருந்தும் படிப்பை உதறிவிட்டு வெளியே வந்தார். 1922-ல் ஓராண்டுச் சிறைவாசம். பரீட்சை எழுதாத அந்த மாணவர்தாம் பிற்காலத்தில், 1950 முதல் 1954 வரையில், 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதித் தமிழ்நாட்டைக் காத்திருக்க வைத்தார். கவிஞர் வாலி இளமையில் இதே ஸ்ரீரங்கத்தில் 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். கீழச் சித்திரை வீதியில் பாட்டியிடம் வளர்ந்த சுஜாதாவின் முதற் கதை, 1953-ல், திருலோக சீதாராம் திருச்சியில் நடத்திய 'சிவாஜி'யில் வெளியாயிற்று. அந்த இதழின் பிரதி பிற்காலத்தில் அவருக்கே அகப்படவில்லை. எத்தனையோ கதைகள் எழுதிப் பெரும் புகழ் அடைந்த பிறகும் அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். முதன் முதலாகத் தன் பெயரை அச்சில் பார்க்கும் ஆனந்தம் அப்பேர்ப்பட்டது!

அந்த ஆனந்தம் நமக்கும் ஒரு நாள் கிட்டியது, அத்தையின் புண்ணியத்தில்.

சுஜாதா ஸ்ரீரங்கத்து மனிதர்களையே கதைக்குள் கொண்டு வந்தாரல்லவா? நாம் வீதிக்குக்கூடப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே அத்தை இருந்தாள். இளம் வயதில் கணவனை இழந்து, தாயில்லாத நம்மை வளர்த்தவள். உத்தர வீதியில் தனக்கென்று இருந்த சிறு வீட்டை அவள் விற்ற நாளைக் கதையாக்கினோம். பத்திரம் பதிவான பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அத்தை விம்மி விம்மி அழுததாக எழுதினோம். அன்று நாம் ஊரில் இல்லை. ஆனால் கதாசிரியனுக்கு அது ஒரு தடையா? கதை பிரசுரமாயிற்று. கிணற்றடிக் காட்சியில் கண் கலங்கியதாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். நமக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. திண்ணையில் உட்கார வைத்து நாமே படித்துக் காட்டினோம். முடிந்ததும் சற்று நேரம் அவள் பேசவில்லை.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா, நான் அன்னிக்கு அழலையேடா" என்றாள்.

"பின்னே என்ன பண்ணினே, அத்தை?"

"அழ ஏது நேரம்? பணத்தை மடியிலே முடிஞ்சுண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சேன். உன் காலேஜுக்குச் சம்பளம் கட்ட அன்னிக்குத்தான் கடைசி நாள். பாலம் தாண்டற வரைக்கும் மடியைப் பிடிச்சுண்டே உட்கார்ந்திருந்தேன்."

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. வீடு விற்றது தெரியும். சம்பளம் கட்டியதும் தெரியும். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை என்பது தெரியாது. ஒரு தரமாவது கேட்டதும் இல்லை. கேட்காமலே எழுதினோம், அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொண்டோம்.

திரும்பி வந்த கதைகள் தந்த வேதனையெல்லாம் நாளடைவில் மறந்துவிட்டது. அச்சான இந்தக் கதை இன்னும் உறுத்துகிறது. என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை நாம் எழுதியிராவிட்டால், அத்தை அந்த மெய்யை நம்மிடம் சொல்லியே இருக்கமாட்டாள். இந்தத் தொழிலில் நாம் கண்ட பெரிய லாபம் அதுதான்.

அத்தை காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பஸ் பிரயாணத்தை எழுதிவிட வேண்டுமென்று அடிக்கடி உட்காருகிறோம். ஜன்னலில் காவேரிக் காற்று, மடியில் பணம், எதிரே மலைக்கோட்டை - எல்லாம் சரியாக வருகிறது. பாதிப் பாலத்தில் அத்தை அழ ஆரம்பித்துவிடுகிறாள். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுகிறோம்.