உண்ணியும் பாலுண்ணியும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, இலக்கியத்தை விடுத்து ஒரு நாயின் கதையை எழுதத் துணிந்தோம். தமிழாசிரியன் நாயைப்பற்றி எழுதுவதா என அன்பர்கள் நகைக்கலாம். ஆசிரியன் தன் மாணாக்கனிடம் பாடங்கேட்ட கதை இதுவாதலின், கல்லூரி மலருக்கு ஏற்றதே என்பது எம் எண்ணம்.

2018 ஆம் ஆண்டில் எம் இல்லத்து நாய் ரைகருக்கு வயது 10. ஒரு மாலை அதன் முன்னங்காற் கக்கத்தைத் தடவியபோது உழுந்தளவான ஒன்று விரலில் தட்டுப்பட்டது. உண்ணியென்று கருதிப் பிடித்திழுத்தோம். நாய் வீறிட்டது. விளக்கைக் கொண்டு நோக்கிய பின்னரே, அதற்குக் கால்கள் இல்லை என்பதையும், தோலின் நிறமாய்ச் சிறு காம்புடன் தோலிலிருந்தே அது தொங்குவதையும் கண்டோம். அது பாலுண்ணி, மரு என்றுஞ் சொல்லுவர். உண்ணி குருதியை உறிஞ்சும் உயிர், காய்ச்சலையும் பரப்பவல்லது. பாலுண்ணியோ நாயின் தோலின் வளர்ச்சியே. பெயரால் அண்மையும் பொருளால் சேய்மையும் உடைய இவ்விரண்டையும் தமிழ் கற்பிக்கும் யாமே மயங்கினோம்.

அயலிலுள்ள பெரியவர் ஒருவர், "தம்பி, நூலாலை இறுக்கிக் கட்டிவிடும், தன்பாட்டிலை விழுந்துபோம்" என்றார். அவ்வாறே கட்டினோம். மூன்றாம் நாள் மரு கறுத்தது. ஐந்தாம் நாள் விழுந்தது. மகிழ்ந்து அதனைக் குப்பையில் எறிந்தோம். ஆனால் விழுந்த இடம் வீங்கிச் சீழ்கொண்டது. ரைகர் அதனை ஓயாது நக்கிற்று. பின்னர் உணவையும் மறுத்தது.

மிருக வைத்தியரிடம் விரைந்தோம். அவர் எம்மிடம் தமிழ் கற்ற மாணாக்கர். புண்ணைக் கழுவி மருந்திட்டு, ஊசியும் ஏற்றியபின் மெல்லக் கேட்டார்: "சேர், விழுந்ததை எறிஞ்சுபோட்டியளோ?" ஆமென்றோம். அவர் முகம் வாடிற்று.

முதிய நாய்களுக்கு இத்தகைய மருக்கள் தோன்றுதல் இயல்பென்றும், பெரும்பாலானவை தீங்கற்றவை என்றும் அவர் விளக்கினார். இளநாய்களின் வாயில் வைரசினால் உண்டாகும் மருக்கள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமே மறைந்துவிடும். ஆயினும் மாஸ்ற் கலக் கட்டி என்னும் புற்றுநோய் சாதுவான மருவின் வேடத்திலும் வருவதுண்டு. கண்ணால் மட்டும் நோக்கி உறுதிகூற வைத்தியராலும் இயலாது. ஊசியால் எடுத்த கலங்களையோ, அகற்றிய துண்டையோ நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். யாம் குப்பையில் எறிந்தது அந்தச் சான்றினையே! நோயைத் தேர்ந்தறிந்த பின்னரே மருத்துவஞ் செய்க எனத் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்தவர் யாம். அதனைக் கடைப்பிடித்தவர் அம்மாணாக்கர்.

நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு அவர் எமக்குரைத்தவற்றையே கூறுகின்றோம். மரு விரைந்து வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, குருதி கசிந்தாலோ, புண்ணானாலோ, நாய் அதனை ஓயாது நக்கினாலோ தாமதியாது வைத்தியரிடங் காட்டுக. இமையில் தோன்றிக் கண்ணை உராய்வதும் காட்டத்தக்கதே. நூலும் கத்தரிக்கோலும் வேண்டா. மனிதருக்கென விற்கப்படும் மருப்போக்கும் மருந்தும் வேண்டா. அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கி விழுங்கியும் விடும்.

ரைகரின் கழுத்திலிருந்த வேறொரு சிறு மருவையும் அவரே கண்டு, ஊசியால் ஆராய்ந்து, தீங்கற்றதெனக் கூறினார். மாதந்தோறும் அதனை அளந்து திகதியுடன் குறித்துவருமாறு பணித்தார். வீட்டுப்பாடம் பெற்ற சிறுவனைப்போல் அவ்வாறே செய்துவந்தோம்.

கக்கத்துப் புண் இரு வாரத்தில் ஆறியது. எம் உள்ளம் ஆறவில்லை. அவ்விடத்தைத் தடவுந்தோறும் மீண்டும் ஏதேனும் தட்டுப்படுமோ என அஞ்சினோம். நல்வினைப்பயனாக எதுவும் தோன்றவில்லை. 2021 ஆம் ஆண்டில் முதுமையால் ரைகர் மறைந்தது. அன்று யாம் எறிந்தது யாதென்பதை இனி எவரும் அறியார்.

ஆசிரியனது பிழையைத் தலைகுனியச் செய்யாது திருத்தவல்ல மாணாக்கரை உருவாக்கிய எம் கல்லூரி நீடு வாழ்க!