மணலுக்குக் காசில்லை

ரியோ டி ஜெனிரோ: பணம் குறைவாக வைத்திருப்பவருக்கும் கடல் உண்டு. அங்கே போகும் பஸ்ஸில்தான் சண்டை.

கோபகபானாவில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யார் ஆலை முதலாளி, யார் ஓட்டலில் தட்டு கழுவுபவர் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இருவர் காலிலும் ரப்பர் செருப்பு. இருவர் உடம்பிலும் ஒரு சாண் துணி. கடிகாரம், நகை, கைப்பை எதுவும் கிடையாது. பிடுங்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கு எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வெறும் கையோடு வருவதுதான் அந்த ஊர் வழக்கம் என்பது இன்னொன்று. குறைந்த செலவில் ஊர் சுற்ற வந்திருக்கும் பயணிக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியல் சாசனம் கடற்கரைகளை நாட்டின் சொத்தாக அறிவித்தது. அதே ஆண்டு வந்த கடலோரச் சட்டம், மணலுக்கும் கடலுக்கும் போக எல்லோருக்கும் உரிமை கொடுத்தது. 1923இல் திறக்கப்பட்ட கோபகபானா பேலஸ் ஓட்டலில் ஒரு இரவுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டித் தங்குபவரும் சாலையைக் கடந்து அதே மணலுக்குத்தான் வரவேண்டும். பத்துப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் மேல்கட்டிலில் தூங்கி எழுந்தவரும் அங்கேதான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை ஒட்டிய சாலைப் பகுதியில் கார்களுக்கு அனுமதி இல்லை. அலை அலையாகக் கறுப்பு வெள்ளைக் கற்கள் பதித்த அந்த நடைபாதை லிஸ்பனிலிருந்து வந்த பாணி. அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் பூங்காக்களை வடிவமைத்துப் பெயர் பெற்ற பர்லே மார்க்ஸ், 1970 வாக்கில்.

இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேருவதில்தான் பணம் கரைகிறது. நேரடி விமானம் கிடையாது. வளைகுடா, அடிஸ் அபாபா, ஐரோப்பா என்று எங்காவது மாறித்தான் போகவேண்டும். சாவோ பாலோவுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அங்கே இறங்கி, சுமார் ஆறு மணி நேரம் பஸ்ஸில் ரியோவுக்குப் போகலாம். பிரேசிலின் நெடுந்தூர பஸ்கள் சொகுசானவை. இந்தியர்களுக்கு விசா தேவை. அதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலில் இறங்கும்போது யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் சில நாள் தனிமை விடுதிக்குப் போக நேரிடும்.

புத்தாண்டும் கார்னிவலும் ஏழைப் பயணிக்கு உகந்த நாட்களல்ல. புத்தாண்டு இரவில் லட்சக்கணக்கானோர் வெள்ளை உடையில் கோபகபானாவில் கூடி, கடல் தெய்வமான இயமஞ்சாவுக்குப் பூக்களை அலையில் விடும் காட்சி இலவசம்தான். ஹாஸ்டல் கட்டிலின் விலையோ பல மடங்கு ஏறிவிடும். மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் குறைவு, வாடகையும் குறைவு. கடலில் குளிக்கக் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு எடை போடும் ஓட்டல்களே கதி. சோறு, கறுப்பு பீன்ஸ், கீரை, பொரியல், இறைச்சி என்று வேண்டியதைத் தட்டில் அள்ளித் தராசில் வைத்தால் கிராம் கணக்கில் பில். சைவர்களுக்கும் இதில் பிழைப்பு உண்டு. பீன்ஸில் பன்றி இறைச்சி போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் போர்த்துக்கீசிய மொழியில். ஆங்கிலம் செல்லாது, ஸ்பானிய மொழியும் அரைகுறையாகத்தான் செல்லும். தட்டின் ஓரத்தில் வறுத்த மரவள்ளி மாவு இருக்கும். மரவள்ளி, முந்திரி, அன்னாசி எல்லாம் போர்த்துக்கீசியக் கப்பல்களில் நம் ஊருக்கு வந்தவை. அன்னாசி தன் பிரேசில் பழங்குடிப் பெயரையே கொஞ்சம் மாற்றிக்கொண்டு தமிழுக்குள் வந்துவிட்டது. ரியோவில் முந்திரிப் பழத்தைப் பிழிந்து சாறாகக் குடிக்கிறார்கள். பண்ருட்டிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கடற்கரையிலும் மரவள்ளிதான். வளையம் வளையமாக, வாயில் போட்டதும் கரையும் 'குளோபோ' பிஸ்கட், ஜவ்வரிசி செய்யும் அதே மரவள்ளி மாவில் செய்வது. 1955இல் நடந்த கத்தோலிக்க மாநாட்டுக் கூட்டத்திடம் விற்பதற்காக சாவோ பாலோவிலிருந்து வந்த சகோதரர்கள் திரும்பிப் போகவில்லை. கூடவே தோளில் இரண்டு உலோக டிரம்களுடன் தேநீர் விற்பவர்கள். ஒன்றில் ஐஸ் போட்ட மாத்தே, மற்றதில் எலுமிச்சை ஜூஸ். இரண்டையும் கலந்து ஊற்றித் தருவார்கள். சுடுமணலில் நாள் முழுக்க நடக்கும் இவர்களை 2009இல் சுகாதாரத்தைக் காரணம் காட்டி மாநகராட்சி தடுக்கப் பார்த்தது. ஊர் எதிர்த்ததும் பின்வாங்கியது. சில ஆண்டுகளில் அதே மாநகராட்சி இவர்களை நகரின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

மலையேறவும் அதிகம் செலவில்லை. 396 மீட்டர் உயரச் சர்க்கரைக் குன்றுக்கு 1912 முதல் ஓடும் கம்பிவட வண்டியின் டிக்கெட் பட்ஜெட்டைக் கடித்துவிடும். பாதி வழியில் உள்ள உர்க்கா குன்றுக்குக் காட்டுப் பாதையில் அரை மணி நேரத்தில் இலவசமாக ஏறிவிடலாம். கிறிஸ்து சிலை நிற்கும் கோர்கோவாடோ மலைக்கும் நடைபாதை உண்டு. அங்கே வழிப்பறி நடப்பதால் தனியாகப் போவது புத்திசாலித்தனம் அல்ல. அந்த மலைகளை மூடியிருக்கும் திஜுகா காடு இயற்கையாக நின்றதல்ல. காப்பித் தோட்டங்களுக்காக மரங்களை வெட்டி ஓடைகள் வற்றியதும், 1860களில் மன்னர் இரண்டாம் பெட்ரோவின் ஆணைப்படி மறுபடி நட்டது. குழி தோண்டி நட்டவர்களில் அடிமைகள் இருந்தார்கள்.

விடிகல் குன்றின் உச்சியிலிருந்து இரட்டையர் மலைக்கு ஏறினால் இபனேமா முழுவதும் காலடியில் விரியும். விடிகல் ஒரு ஃபவேலா. அதாவது குன்றின் மேல் தானாக எழுந்த குடியிருப்பு. அடிவாரத்திலிருந்து மோட்டார் சைக்கிள் டாக்சி வளைந்து வளைந்து மேலே கொண்டுபோகும். உலகின் மிக விலையுயர்ந்த கடல் காட்சிகளில் ஒன்று இங்கே சம்பளக்காரத் தொழிலாளியின் ஜன்னலில் இருக்கிறது. போலீசுக்கும் போதைக் கும்பலுக்கும் சண்டை நடக்கும் நாட்களில் அதே ஜன்னலருகே யாரும் நிற்பதில்லை. அன்று போகலாமா என்று ஹாஸ்டலில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

குன்றில் வசிப்பவர் கடலுக்கு நடந்து வந்துவிடுவார். மலைத்தொடருக்கு வடக்கே வசிக்கும் பெருங்கூட்டம் என்ன செய்யும்? 1967இல் ரெபூசாஸ் சுரங்கப் பாதை மலையைத் துளைத்தது, கார்களுக்காக. 1984இல் ஆளுநர் பிரிசோலாவின் காலத்தில் அதன் வழியாக இபனேமாவுக்கு பஸ் விட்டார்கள். வடக்கிலிருந்து பையன்கள் மணலுக்கு வந்தார்கள். தெற்கே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

1992 அக்டோபரில் அர்ப்போவடோர் கரையில் இளைஞர் கும்பல்கள் ஓட, மக்கள் சிதற, டெலிவிஷன் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. மீனவர்களின் இழுவலைக்கு உரிய சொல்லே இந்தக் கும்பல் கொள்ளைக்குப் பெயரானது. போட்டிக் கோஷ்டிகளின் மோதல்தான் அது, கொள்ளை குறைவு என்று ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். யார் கேட்டார்கள்? சில வாரங்களில் நடந்த மேயர் தேர்தலில் ஃபவேலாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் பெனடிட்டா ட சில்வா தோற்றுப்போனார். அந்தக் காட்சிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்வோர் பலர்.

2015இல் அதே கதை. ஜகாரேயிலிருந்து வரும் 474 போன்ற பஸ்களை போலீஸ் வழிமறித்து, எந்தக் குற்றமும் செய்யாத சிறுவர்களை இறக்கிக் கொண்டுபோனது. குற்றம் செய்யும்போது பிடிபட்டாலன்றி அப்படிச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. கடற்கரையில் திருட்டு நடந்த மறுநாள் கோபகபானாவில் உள்ளூர் இளைஞர்கள் பஸ்ஸை மறித்து வடக்குப் பையன்களை அடித்தார்கள். அந்த ஆண்டே வடக்கையும் தெற்கையும் இணைத்த பல பஸ் தடங்கள் நீக்கப்பட்டன அல்லது பாதியில் நிறுத்தப்பட்டன. ஒரே பாதையில் அதிக வண்டிகள் ஓடுகின்றன என்பது மாநகராட்சியின் விளக்கம். மெட்ரோ 1998இல் கோபகபானாவையும் 2009இல் இபனேமாவையும் தொட்டுவிட்டது உண்மை. ஆனால் அதன் கட்டணம் பஸ்ஸைவிடக் கணிசமாக அதிகம். நான்கு பேர் உள்ள குடும்பம் போக வர ஆகும் செலவைப் பார்த்தால், இலவசக் கடற்கரை அவ்வளவு இலவசம் இல்லை.

வடக்கு மக்களுக்குத் தனியாகக் கடற்கரை கொடுத்த முயற்சியும் நடந்திருக்கிறது. சாக்கடை கலந்து குளிக்க முடியாமல் போன குவானபாரா வளைகுடாவின் கரையில், ரமோஸ் என்ற இடத்தில் 2001 டிசம்பரில் மாநில அரசு ஒரு பெரிய உப்புநீர்க் குளம் வெட்டி மணல் கொட்டியது. கோடை ஞாயிறுகளில் அங்கே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். குடை, கோழி வறுவல், இசை, எல்லாம் உண்டு. அலை மட்டும் இல்லை. வளைகுடாவில் விழும் கழிவுநீரில் 80 சதவீதத்தைச் சுத்திகரிப்போம் என்று 2016 ஒலிம்பிக்கை முன்னிட்டு வாக்குக் கொடுத்தார்கள். போட்டிகள் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோதும் அது நிறைவேறியிருக்கவில்லை.