எந்த மருந்து குறி தப்பாது?

ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது அரை ஏக்கர் குச்சிக்கிழங்கு உழுது போட்ட மாதிரி கிடக்கும். கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் கிழங்கு போட்டவர்களுக்கு இது பழகிப்போன கதை. பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவார்கள், தகரம் தட்டுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள். சில வீடுகளில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இருக்கும். போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரகம்.

குழல் வாய்க்குள் கருமருந்து, அதன் மேல் நாரோ துணியோ, அதற்கு மேல் ரவை. கம்பியால் இறுக்கி, பின்னால் கேப் பொருத்தினால் தயார். ஒரே ஒரு வெடிதான். தப்பினால் இருட்டில் தடவித் தடவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த காட்டுக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் ஆள் மேலேயே பாய்ந்திருக்கும். அதனால் ‘எந்த மருந்து நல்ல மருந்து’ என்பது அங்கே வெறும் திண்ணைப் பேச்சு இல்லை.

இதே கேள்வியை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளையாட்டாகக் கேட்கிறார்கள். பழைய பாணித் துப்பாக்கியால் அட்டையைச் சுடும் போட்டிகள் அங்கே உண்டு. கோஎக்ஸா, சுவிஸ்ஸா என்று விஜய்-அஜித் ரசிகர்கள் மாதிரி சண்டை நடக்கும்! சுவிஸ் மருந்து ஓபோன் என்ற ஊரில் 1853 முதல் தயாராகிறது. கோஎக்ஸின் பூர்வீகம் டூ பாண்ட் கம்பெனி. 2021-ல் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தபோது ரசிகர்கள் கதிகலங்கிப் போனார்கள். 2022-ல் எஸ்டெஸ் என்ற பொம்மை ராக்கெட் கம்பெனி அதை வாங்கிக் காப்பாற்றியது. பொம்மை ராக்கெட் மோட்டாருக்கும் கருமருந்துதானே வேண்டும்.

இரண்டிலும் இருப்பது ஒன்றேதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. வித்தியாசம் கரியில் இருக்கிறது, அரைப்பில் இருக்கிறது, குருணையின் அளவிலும் அடர்த்தியிலும் இருக்கிறது. ஒரே அளவுக் குப்பியில் அள்ளினால் சுவிஸ் கொஞ்சம் அதிக வேகம் தரும், குழலில் மிச்சப்படும் கசடும் மெதுவாக இருக்கும் என்பது சுடுகிறவர்களின் பொதுவான அனுபவம். குருணைக்கு எஃப் கணக்கு உண்டு. எஃப் எத்தனை கூடுகிறதோ அத்தனை பொடி, அத்தனை சீக்கிரம் எரியும். பெரிய குழலுக்கு இரண்டு எஃப், சின்னக் குழலுக்கு மூன்று எஃப் என்பது வழக்கம்.

ஆனால் வேகம் வேறு, குறி வேறு. வேகமான மருந்துதான் குறி தப்பாது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு வெடியும் முந்தின வெடி மாதிரியே இருக்கிறதா என்பதே கேள்வி. ஐந்து குண்டும் ஒரே வேகத்தில் போனால் அட்டையில் ஒரே இடத்தில் குவியும். ஒன்று வேகமாகவும் ஒன்று மந்தமாகவும் போனால் மேலும் கீழுமாகச் சிதறும். பேரை நம்பாமல் அளந்து பார்த்தவர்கள் கண்ட விஷயம் இது.

இப்படி முறையாக அளந்து காட்டிய முன்னோடியின் கதை தமிழ்நாட்டில்தான் முடிந்தது. பெஞ்சமின் ராபின்ஸ், இங்கிலாந்துக்காரர், கணித மேதை. கனமான மரப்பலகையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். நொடிக்கு 1,500 அடியையும் தாண்டியது. 1742-ல் அவர் எழுதிய புத்தகத்தை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். துப்பாக்கிக் குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டுப் பார்த்த ஆசாமி இவர். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் வளைந்தது! குழலின் சுவரில் உரசி உருளும் குண்டு காற்றில் திசை மாறும் என்று அதை வைத்து நிரூபித்தார். கோட்டை வேலைக்காகக் கம்பெனி அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். சேலத்தில் ரயில் ஏறினால் விருத்தாசலம் வழியாகப் போய்விடலாம், அவ்வளவு கிட்டத்தில்.

அந்த வளைந்த குழல் சோதனைதான் சேலம், நாமக்கல் துப்பாக்கிகளுக்கும் பதில். நாட்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் வரி கிடையாது. போடுவது குழலோடு பொருந்தின ஒற்றைக் குண்டும் இல்லை, ரவை அல்லது சைக்கிள் பால்ரஸ். அது வாயை விட்டுக் கிளம்பும்போதே சிதறித்தான் போகும். இதில் சுவிஸ் மருந்தைக் கொட்டினால் என்ன, உள்ளூர் மருந்தைக் கொட்டினால் என்ன? முப்பது தப்படிக்கு மேல் எல்லாம் அதிர்ஷ்டம்தான்.

மருந்தின் பெயரைவிட ஊரின் காற்று முக்கியம் என்பது இன்னொரு விஷயம். சித்திரை வெயிலில் சேலத்துச் சமவெளியில் வெடித்தால், குழலுக்குள் தங்கும் கசடு காய்ந்து ஓடு மாதிரி இறுகும். அடுத்த முறை கெட்டிக்கும்போது கம்பி பாதியில் நிற்கும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் குறி மட்டும் போகாது, குழலே வெடிக்கும். (வெளிநாட்டுப் போட்டிக்காரர்கள் இதற்காகவே வெடிக்கு வெடி ஒரு குழாயை வைத்து ஊதி உள்ளே ஈரம் ஏற்றுகிறார்கள்.) அதே துப்பாக்கி மலை மேலே பனியில் இருந்தால் கதை தலைகீழ். கசடு ஈரத்தை உறிஞ்சி ஒரே ராத்திரியில் துரு பிடிக்க ஆரம்பிக்கும். மருந்து நமுத்துப்போனால் கேப் மட்டும் ‘டப்’ என்கும், பன்றி திரும்பிப் பார்க்கும்.

இருட்டில், அசைவை மட்டும் பார்த்து, சிதறுகிற ரவையைச் சுடுவது எப்படி முடியும் என்பது தெரிந்ததே. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட வழக்குகள் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் நடந்திருக்கின்றன. செத்தவரும் சுட்டவரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், சில சமயம் பங்காளிகள்.

சட்டத்தில் விவசாயி சுட இடமும் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். அடிவாரத்தில் காடு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு எல்லைதான் வாய்க்கும்.

ஆக, லைசென்ஸ் துப்பாக்கிக்கு மிச்சமிருப்பது வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதற்குக் குறியும் வேண்டாம், ரவையும் வேண்டாம். மருந்து நமுக்காமல் இருந்தால் போதும். அந்தச் சத்தத்துக்குப் பன்றிகள் நாலு நாள் பயப்படும். ஐந்தாம் நாள் பழகிக்கொண்டு, வெடிச்சத்தத்துக்கு நடுவிலேயே கிழங்கைத் தோண்டும்.